மருதானையில் இன்னொரு வாசல்

நமது சமூகத்தின் கல்வி வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் மருதானையிலிருந்துதான் தொடங்குவார்கள். 1892 ஓகஸ்ட் மாதம் மருதானைப் பள்ளிவாசல் வளவில் அல் மத்ரஸதுஸ் ஸாஹிரா ஆரம்பமானது. அறிஞர் சித்திலெப்பையின் சிந்தனை, நாடு கடத்தப்பட்டு இங்கு வந்து வாழ்ந்த ஒறாபி பாஷாவின் தூண்டுதல், வாப்பிச்சி மரிக்காரின் உழைப்பு இவையெல்லாம் நம்மில் பலருக்கு மனப்பாடம். மீலாத் விழாப் பேச்சுப் போட்டிக்குப் பிள்ளைகளைத் தயார் செய்த ஆசிரியன் என்ற வகையில் நானும் அவற்றைப் பல தடவை எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

அதே மருதானையில், அதற்கு அடுத்த ஆண்டே, 1893இல், இன்னொரு வாசலும் திறந்தது. அதுதான் அரசாங்கத் தொழினுட்பப் பாடசாலை. பின்னர் இலங்கைத் தொழினுட்பக் கல்லூரி என்று பெயர் பெற்று, இன்றும் ஒல்கொட் மாவத்தையில், ரயில் நிலையத்துக்குச் சமீபமாக நிற்கிறது. ஸாஹிராவிலிருந்து நடந்து போகும் தூரம். ஸாஹிராவைப் பற்றி நம்மவர்கள் மலர் மலராக வெளியிட்டிருக்கிறார்கள். இதற்கு ஒரு பந்தி ஒதுக்கப்பட்டதை நான் வாசித்ததில்லை.

காரணம் விளங்காததல்ல. ஸாஹிரா நாம் கட்டியது. மற்றையது வெள்ளைக்கார அரசாங்கம் தன் தேவைக்காகக் கட்டியது. ரயில்வேக்கும் பொது வேலைத் திணைக்களத்துக்கும் நில அளவைக்கும் தந்திச் சேவைக்கும் இடைநிலை ஆட்கள் தேவைப்பட்டார்கள். எல்லாரையும் இங்கிலாந்திலிருந்து கப்பலேற்ற முடியாது. ஆகவே உள்ளூர் இளைஞருக்குக் கணிதமும் வரைபடமும் அளவையும் படிப்பித்தார்கள். நோக்கம் எதுவாயினும் விளைவு வேறு. லண்டன் போக வசதியில்லாத, சட்டமோ வைத்தியமோ படிக்கக் காசில்லாத வீட்டுப் பிள்ளை, பகலில் வேலை செய்துகொண்டு மாலை வகுப்புக்குப் போய் ஒரு தராதரத்தோடு வெளியே வரக்கூடிய இடமாக அது மாறியது. என் தாய்மாமா ஒருவர் அப்படித்தான் ஓவசியரானார். ஹுணுப்பிட்டியில் ரயிலேறி மருதானையில் இறங்கினால் வகுப்பு. குடும்பத்தில் முதன்முதலாக மாதச் சம்பளம் கண்டவர் அவர். எங்கள் வீட்டில் கல்வி வரலாறு என்றால் எனக்கு அவர்தான் ஞாபகம் வருவார்.

1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றியபோது அதில் இருந்தவர்கள் 904 மாணவர்கள் மட்டுமே. 1945 ஒக்டோபரில் கன்னங்கராவின் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை காசில்லை என்றார்கள். அதே ஆண்டில்தான் மர்ஹூம் ஏ.எம்.ஏ. அஸீஸ் அவர்கள் முஸ்லிம் கல்விச் சகாய நிதியையும் ஆரம்பித்தார். கட்டணம் இல்லாவிட்டாலும் பஸ்ஸுக்கும் சோற்றுக்கும் காசு வேண்டும் என்பதை அறிந்த மனிதர் அவர். ஆனால் கதவில் பூட்டில்லை என்பதற்காக வீட்டுக்குள் எல்லாருக்கும் இடம் வந்துவிடாது. பாடசாலைகள் ஆயிரக்கணக்கில் பெருகின. பல்கலைக்கழகத்து நாற்காலிகள் அந்த வேகத்தில் பெருகவில்லை. இடையில் நிற்பவர்களுக்கு ஒரு தாழ்வாரம் தேவைப்பட்டது.

மருதானை அந்தத் தாழ்வாரமாக இருந்தது. அங்கு நடந்ததைக் கவனியுங்கள். 1950இல் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் அந்தக் கல்லூரி வளவில்தான் தொடங்கியது. 1964இல் பேராதனைக்குப் போய்விட்டது. 1960இல் கனடாவின் உதவியுடன் கட்டுபெத்தையில் செயன்முறைத் தொழினுட்ப நிறுவகம் அமைந்தது. 1966இல் அது இலங்கைத் தொழினுட்பவியல் கல்லூரியாயிற்று, 1972இல் பல்கலைக்கழக வளாகமாயிற்று, 1978இல் மொறட்டுவைப் பல்கலைக்கழகமாயிற்று. நாட்டுக்கு அது பெருமை, மறுப்பதற்கில்லை. ஆனால் ஒவ்வொரு படி உயரும்போதும் உள்ளே நுழையும் வாசல் ஒரு சாண் ஒடுங்கியது. உயர்தரக் கணிதப் பிரிவில் உச்சப் புள்ளி பெற்றவனுக்கே இன்று மொறட்டுவை. டிப்ளோமா வகுப்பு அதன் நிழலில் தொடர்ந்தது என்றாலும் ஊரில் யாரும் அதைச் சொல்லிப் பெருமைப்படக் கேட்டதில்லை.

இது ஒரு தடவை நடந்த விடயமல்ல. 1969இல், இரியகொல்ல கல்வி அமைச்சராக இருந்த காலத்தில், கனிஷ்ட பல்கலைக்கழகக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. அடுத்த ஆண்டு ஆட்சி மாறியது, கல்லூரிகளும் நிலைக்கவில்லை. 1991இல் பிரேமதாசவின் ஆட்சியில் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரிகள் மாகாணம் மாகாணமாக வந்தன. ஊருக்குப் பக்கத்தில், இரண்டு வருடம், தொழிலோடு ஒட்டிய டிப்ளோமா என்பது அதன் எண்ணம். 1995, 1996 ஆண்டுகளில் அவற்றிற் பலவற்றிலிருந்து ரஜரட்டை, சப்ரகமுவ பல்கலைக்கழகங்கள் எழுந்தன. குளியாப்பிட்டியில் இருந்தது பின்னர் வயம்பப் பல்கலைக்கழகத்துக்குள் வந்தது.

நம்மவர் விடயத்திலும் இதுவேதான். யுத்தத்தினால் கிழக்கில் முஸ்லிம் மாணவர்கள் கல்வியைத் தொடர முடியாமல் தவித்தபோது, மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரஃப் அவர்களின் முயற்சியால் 1995 ஒக்டோபரில் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி இயங்கத் தொடங்கியது. 1996 மே மாதம் அது முழுப் பல்கலைக்கழகம். கல்லூரியாக இருந்த காலம் ஒரு வருடம்கூட இல்லை. ஒலுவில் வேண்டாம் என்று நான் சொன்னால் கல்லெறி விழும், விழவும் வேண்டும். அன்றைய நிலையில் அது அவசியமாக இருந்தது. நான் கேட்பது, பல்கலைக்கழகம் கிடைத்த பிறகு அந்தக் கல்லூரியைப் போல இன்னொன்றை நாம் ஏன் கேட்கவில்லை என்பதுதான்.

அமெரிக்காவில் இந்தத் தாழ்வாரத்தை இடிக்காமல் வைத்திருக்கிறார்கள். 1901இல் இலினோய் மாநிலத்தின் ஜோலியட் நகரில் தொடங்கிய கல்லூரியை இவ்வகையில் மூத்ததாகச் சொல்வார்கள். 1947இல் ட்ரூமன் நியமித்த ஆணைக்குழு 'சமுதாயக் கல்லூரி' என்ற பெயரைப் பரப்பியது. குறைந்த கட்டணம், வீட்டிலிருந்து போய் வரும் தூரம், இரண்டு வருடம். விரும்பினால் அதன்பின் பல்கலைக்கழகத்தின் மூன்றாம் ஆண்டில் சேரலாம். இந்தக் கடைசி வசதிதான் உயிர்நிலை. இங்கே அப்படியொரு பாதை பொது வழக்காக அமையவில்லை. டிப்ளோமா எடுத்தவனுக்கு மேலே ஏறும் படிகள் குறைவு. அரச நியமனமும் 'பட்டதாரி' என்ற சொல்லைத்தான் கேட்கிறது. அப்படியிருக்க, கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளே தங்கள் கல்லூரியைப் பல்கலைக்கழகமாக்கு என்று கேட்டால் அவர்களைக் குறை சொல்லி என்ன பயன்? 2015 ஒக்டோபர் 29ஆம் திகதி பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் முன்னால் கணக்கியல் உயர் டிப்ளோமா மாணவர்கள் பொலிஸாரிடம் பொல்லடி வாங்கினார்கள். தங்கள் டிப்ளோமாவைப் பட்டத்துக்குச் சமமாக ஏற்க வேண்டும் என்பதே அவர்கள் கேட்டது.

அந்த மாணவர்கள் படித்தது, 1995ஆம் ஆண்டின் 29ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் உருவான உயர் தொழினுட்பவியல் கல்வி நிறுவகத்தின் கற்கை நெறியை. அதன் கிளைகள் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் சம்மாந்துறையிலும் உண்டு. கொழும்புக் கிளை இருப்பது மட்டக்குளியில். வத்தளையில் நின்றால் களனி கங்கைக்கு இக்கரை நாங்கள், அக்கரை அது. பாலத்தைக் கடந்தால் போதும். முழுநேரக் கற்கைக்குக் கட்டணமும் இல்லை. ஆயினும் எங்கள் பகுதியில் உயர்தரம் எழுதிய பிள்ளைகளிடம் கேட்டால் பாதிப்பேருக்கு அப்படியொன்று இருப்பதே தெரியாது. தெரிந்தவர்களும் "கெம்பஸ் கிடைக்கல்ல சேர், அதனால அங்க" என்று தலை குனிந்துதான் சொல்கிறார்கள். நாட்டில் பல்கலைக்கழகத் தகுதி பெறுவோரில் ஏறத்தாழ நாலில் ஒருவருக்கே இடம் கிடைக்கிறது. மற்ற மூவரையும் தோற்றவர்கள் என்று நம்பவைப்பதில் அரசாங்கத்தைவிட நமது வீடுகளுக்கே பங்கு அதிகம். தகப்பன் காணியை ஈடு வைத்துத் தனியார் நிறுவனத்துக்கு இலட்சக்கணக்கில் கட்டுவார். பையன் கட்டாருக்குப் போவான். பெண்பிள்ளையென்றால் கதை வேறு. ருஹுணைக்கும் பேராதனைக்கும் விடுதிக்கு அனுப்பத் தயங்கும் உம்மா, காலையில் போய் அஸருக்கு முன் வீடு திரும்பும் படிப்பென்றால் சம்மதிப்பார். கிடைத்த இடத்தையே அந்தத் தயக்கத்தால் விட்டுவிட்டு, இரண்டு வருடத்தில் கல்யாணமாகிப் போன கெட்டிக்காரிகள் எனது வகுப்பிலேயே இருந்தார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நானும் பல்கலைக்கழக வாசலை மிதியாதவன். ஆசிரிய கலாசாலைதான் எனக்குக் கிடைத்த கல்லூரி. காசு வாங்காமல், விடுதியும் தந்து, யாப்பையும் உளவியலையும் சொல்லித் தந்து அனுப்பியது. அட்டாளைச்சேனை போன்ற கலாசாலைகள் இல்லையென்றால் இப்படியான சஞ்சிகைகளில் எழுதுவோரின் தொகை என்னவாகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். நமது கவிஞர்களிலும் கதாசிரியர்களிலும் பயிற்றப்பட்ட ஆசிரியர்களைக் கழித்துவிட்டால் மிஞ்சும் பக்கங்கள் மெலிந்துதான் போகும்.

மருதானைத் தொழினுட்பக் கல்லூரியில் படித்த நம்மவரின் பெயர்களை ஒரு கொப்பியில் எழுதத் தொடங்கியிருக்கிறேன். வத்தளை, மாபோலைப் பக்கத்தில் இதுவரை ஏழு பேர். ஒருவர் படவரைஞர், இருவர் மின் வேலை, மற்றவர்கள் கணக்கு எழுதியவர்கள். மூத்தவருக்கு எண்பது தாண்டிவிட்டது. தான் படித்த ஆண்டைச் சொல்கிறார், ஆசிரியர்களின் பெயர் வர மறுக்கிறது. அவருடைய சான்றிதழ் பெட்டகத்தில் கறையான் அரித்துக் கிடந்தது. உங்கள் ஊரிலும் இப்படி ஒரு ஓவசியரோ நில அளவையாளரோ இருப்பார். அவர் எந்த ஆண்டில் போனார், எப்படிப் போய் வந்தார், செலவுக்கு யார் கொடுத்தார்கள் என்று கேட்டு ஆசிரியருக்கு எழுதியனுப்புங்கள். எனக்குச் சேர்ந்துவிடும்.