சாட்சியும் தீர்ப்பும்

லேப் ரிப்போர்ட்டில் ‘தைராய்டு ஆன்டிபாடி பாசிட்டிவ்’ என்று பார்த்ததுமே உங்களுக்குக் கை நடுங்குகிறதா? கொஞ்சம் பொறுங்கள். அந்த டெஸ்ட் பிறந்த கதையைக் கேட்டுவிட்டு அப்புறம் பயப்படலாம்.

ஜப்பானில் ஹகாரு ஹஷிமோட்டோ என்றொரு இளம் சர்ஜன். நான்கு பெண்களுக்கு ஆபரேஷனில் அகற்றிய தைராய்டு திசுக்களை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். வெள்ளை அணுக்கள் மொய்த்துக் கிடந்தன! ‘இது புது நோய்’ என்று 1912-ல் ஜெர்மன் மொழியில் எழுதினார். மேலைநாட்டு டாக்டர்கள் பலர், ‘பழைய நோயின் ஆரம்பக் கட்டம்தான்’ என்று ஒதுக்கிவிட்டார்கள். பாவம் மனுஷன், சொந்த ஊரில் வைத்தியம் பார்த்து, 1934-ல் டைஃபாய்டில் இறந்துபோனார்.

அந்த அணுக்களுக்குக் கழுத்தில் என்ன வேலை? விடை 1956-ல் லண்டனில் கிடைத்தது. இவான் ராய்ட், டெபோரா டோனியாக் குழுவினர் நோயாளிகளின் ரத்த நீரையும் தைராய்டு சாற்றையும் சேர்த்தார்கள். படிவு உண்டானது. உடம்பு தன் சுரப்பிக்கு எதிராகவே ஆன்டிபாடி தயாரித்திருக்கிறது! வேலியே பயிரை மேய்ந்த கதை. டெஸ்ட்டும் பிறந்தது.

சிக்கல் இங்கேதான். ஆன்டிபாடி இருந்தும் சுரப்பி ஒழுங்காக வேலை செய்கிறவர்கள் ஏராளம். நோய் இருந்தும் ‘நெகட்டிவ்’ வருகிறவர்களும் உண்டு. சுரப்பி எப்படி வேலை செய்கிறது என்பதைச் சொல்வது டி.எஸ்.ஹெச்., டி4 அளவுகள். கழுத்தில் கட்டி இருந்தால், ‘ஆன்டிபாடிதானே காரணம்’ என்று சும்மா விடவும் கூடாது. அதைத் தனியாகப் பரிசோதிக்க வேண்டும்.

ஆன்டிபாடி ஒரு சாட்சி, அவ்வளவுதான். ஒரே சாட்சியை வைத்து எந்த நீதிபதியாவது அவசரமாகத் தீர்ப்பு எழுதுவாரா, சொல்லுங்கள்?