புது லுங்கியைப் பழசாக்குதல்: ஒரு சின்ன வரலாறு

போன பொங்கலுக்கு எங்கள் குடியிருப்பில் ஒரு நாடகம். எனக்கு நெசவாளி வேஷம். சொந்த ஊர் பொதட்டூர்பேட்டை என்பதால் லுங்கிக்குப் பஞ்சமில்லை. கட்டம் போட்ட பருத்தி லுங்கி ஒன்று வாங்கிக் கட்டிப் பார்த்தேன். கடை பொம்மை மாதிரி இருந்தது. கஞ்சி மொடமொடப்புகூடப் போகவில்லை.

பழசாக்க இறங்கினேன். முதலில் வெந்நீரில் அலசி கஞ்சியை எடுக்கணும். அப்புறம் உப்புத்தாளால் தேய்த்து, டீ டிகாக்ஷனில் முக்கி, வெயிலில் காயப்போடணும். டீயில் உள்ள டானின் பருத்தியில் நன்றாக ஒட்டும், பாலியஸ்டரில் அவ்வளவாகப் பிடிக்காது. அந்தத் தண்ணீரில் துருப்பிடித்த ஆணி நாலு போட்டால் பழுப்பு நிறம் சாம்பலாக மாறும். டானினும் இரும்பும் சேர்ந்தால் கருமை. நம் பக்கத்துக் காளஹஸ்தியில் கலம்காரி ஓவியர்கள் செய்வதும் இதே வேதியியல்தான். கடுக்காய் ஏற்றிய துணிமேல், வெல்லமும் இரும்பும் ஊறிய தண்ணீரால் கோடு இழுப்பார்கள், கறுப்பு எழும்பும். அவர்களுக்கு அது அழகு, எனக்கு அழுக்கு.

கடைசியாக முட்டிப் பக்கம் ரெண்டு கிழிசல். பெருமையாக ஊருக்குக் கொண்டுபோய் பெரியப்பாவிடம் காட்டினேன். நாற்பது வருஷம் குழித்தறியில் உட்கார்ந்தவர்.

"ஏண்டா, முட்டியில எப்படிடா கிழியும்? தறியில உக்காந்தா காலு குழிக்குள்ள இல்ல இருக்கும்?"

தேயும் இடங்களை அவரே தொட்டுக் காட்டினார். ஒன்று, நெய்த துணி சுற்றும் உருளைக் கட்டை இடிக்கும் வயிற்றுப் பக்கம். இன்னொன்று, பலகையில் உரசும் பின்பக்கம். "உங்க பழைய லுங்கி ஒண்ணு குடுங்களேன், பார்த்துச் செய்யறேன்" என்றேன். "அதெல்லாம் எங்கடா இருக்குது? கரித்துணி ஆகி எப்பவோ போச்சு" என்றார்.

அந்த பதில்தான் என்னைப் படிக்க வைத்தது. ராஜாக்களின் பட்டும் கல்யாணப் புடவைகளும் அருங்காட்சியகத்துக்குப் போகும். உழைப்பவன் கட்டிய துணி முதலில் தூளி ஆகும், பிறகு கரித்துணி, கடைசியில் திரி. ஊரின் வரலாறு காகிதத்தில் கிடைக்கிறது: 1960 ஏப்ரல் 1 வரை பொதட்டூர்பேட்டை ஆந்திராவின் சித்தூர் மாவட்டம், அதன் பிறகு நம் மாநிலம். அந்த வருஷம் தறியில் உட்கார்ந்தவர் என்ன கட்டியிருந்தார், அது எங்கே தேய்ந்திருந்தது? காகிதம் இதைச் சொல்லாது.

சினிமாவில் உடையைப் பழசாக்குபவர்கள் நிரப்புவது இந்த வெற்றிடத்தைத்தான். ஆங்கிலப் படவுலகில் இதற்கு 'பிரேக்கிங் டவுன்' என்று பெயர், அதற்கென்றே தனி ஆட்கள் உண்டு. 1977ல் வந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்தில் எதிர்கால உலகமே புழங்கித் தேய்ந்த மாதிரி இருக்கும். அதற்கு உடை வடிவமைத்த ஜான் மொல்லோதான் பானு அத்தையாவுடன் சேர்ந்து 'காந்தி' (1982) படத்துக்கும் வேலை செய்து ஆஸ்கர் வாங்கினார். தமிழில் 'பரதேசி' (2013). தேயிலைத் தோட்டத்துக்கு இழுத்துச் செல்லப்பட்ட மக்களின் உடைகளுக்காகப் பூர்ணிமா ராமசாமிக்குத் தேசிய விருது கிடைத்தது. அந்த மக்கள் உடுத்திய துணி எந்தப் பீரோவிலும் இல்லை. அதைத் திரும்ப உண்டாக்கத்தான் வேண்டும்.

இதே வித்தை கடைக்கு வரும்போது கதை மாறுகிறது. 'சாயம் போகாது' என்பதுதான் நெசவாளியின் மானம். ஆனால் 1958ல் மெட்ராஸ் கட்டம் போட்ட துணி அமெரிக்காவுக்குப் போனது. விற்றவர் கேப்டன் சி.பி.கிருஷ்ணன் நாயர், பிற்பாடு லீலா ஹோட்டல்களை ஆரம்பித்தவர். குளிர்ந்த தண்ணீரில் தனியாகத் துவைக்கணும் என்ற எச்சரிக்கை வாங்கியவர்களிடம் போய்ச் சேரவில்லை. சாயம் ஓடியது, புகார் குவிந்தது. பிறகு விளம்பரக்காரர்கள் 'சாயம் போகும், அதற்கு உத்தரவாதம்' என்று அதையே பெருமையாக்கி விற்றார்கள் என்பது இந்தத் தொழிலில் பிரபலமான கதை. குறை என்றிருந்தது விலை ஆனது.

அடுத்து வெளுத்த ஜீன்ஸ். மணலை வேகமாக அடித்துத் துணியைத் தேய்க்கும் முறை துருக்கியில் பெரிய தொழிலாக இருந்தது. அந்தத் தூசியைச் சுவாசித்த இளைஞர்களுக்கு சிலிகோசிஸ் வந்தது. நுரையீரல் தழும்பேறும் நோய், குணமாக்க மருந்து கிடையாது. இறந்தவர்களும் உண்டு. 2009ல் துருக்கி அந்த முறையைத் தடை செய்தது. யாரோ ஒருவர் உழைத்துக் களைத்தவர் மாதிரித் தெரிவதற்காக, நிஜமாகவே உழைத்தவரின் மூச்சு தேய்ந்திருக்கிறது.

நாடகத்துக்கு வேறு லுங்கி வாங்கினேன். பெரியப்பா காட்டிய ரெண்டு இடத்தில் மட்டும் தேய்த்தேன், கிழிசல் எதுவும் வைக்கவில்லை. அன்றைக்கு அவர் முன் வரிசையில் இருந்தார். நடிப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. முடிந்ததும் என் வயிற்றுப் பக்கம் அந்தத் துணியை விரலால் நெருடிப் பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் இடது பக்கம்" என்றார்.