கயிற்றை நீட்டியதா, கட்டை அவிழ்த்ததா?

எதிரணி நண்பர் என்ன முழங்கினார்? "கம்பியை அறுத்ததுதான் புரட்சி, கார்ட்லெஸ் போன் தாய், செல்போன் பிள்ளை" என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன், அவருடைய தமிழுக்காக! ஆனால் வரலாறு வேற சொல்லுதே ஐயா!

கார்ட்லெஸ் என்ன செய்தது? அமெரிக்காவில் ஜார்ஜ் ஸ்வெய்கர்ட் என்ற வானொலி ஆர்வலர் 1969-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். 1980-களில் வீடுகளுக்குள் வந்தது. கூடத்தில் இருந்த போன் மொட்டை மாடிக்குப் போச்சு. தெருமுனை தாண்டினால்? கொரகொரன்னு சத்தம்! மாட்டை அவிழ்த்துவிடவில்லை, கயிற்றை நீட்டிக் கட்டினார்கள். முளைக்குச்சி வீட்டில்தான் இருந்தது.

சரி, கம்பியில்லாமல் ஊர் சுற்றிப் பேசுவது அதற்கு முன்னாலேயே வந்தாச்சே! 1946-இல் செயிண்ட் லூயிஸ் நகரில் காருக்குள் போன் வைத்தார்கள். எடை சுமார் 36 கிலோ! ஆனால் ஒரே நேரத்தில் மூன்று பேர்தான் பேசலாம். நாலாவது ஆள் காத்துக் கிடக்கணும். ஏன்? திருவிழாவில் ஒரே ஒலிபெருக்கி ஊர் முழுக்க அலறினால், ஊருக்கே ஒரு பாட்டுத்தானே!

விடை 1947-இல் வந்தது. பெல் ஆய்வுக்கூடத்தில் டக்ளஸ் ரிங் ஒரு குறிப்பு எழுதினார். ஊரைத் தேன்கூடு மாதிரி சின்னச் சின்ன அறைகளாகப் பிரி; ஒவ்வொன்றிலும் மெதுவாகப் பேசும் சிறு நிலையம் வை; இங்கே கொடுத்த அலைவரிசையையே தள்ளியிருக்கிற அறைக்கும் கொடு! அந்த அறைதான் 'செல்'. பேசிக்கொண்டே நகர்கிறவரை ஒரு நிலையம் அடுத்ததிடம் ஒப்படைக்க வேண்டுமே? அந்த வித்தைக்கு ஏமோஸ் ஜோயல் 1972-இல் காப்புரிமை பெற்றார்.

1973 ஏப்ரல் 3. மோட்டரோலாவின் மார்ட்டின் கூப்பர், ஒரு கிலோவுக்கு மேல் எடையுள்ள போனோடு நியூயார்க் தெருவில் நின்றார். யாரைக் கூப்பிட்டார்? பெல் ஆய்வுக்கூடத்துப் போட்டியாளர் ஜோயல் எங்கலை! எதிரணியைச் சீண்டுகிற சுகம் நமக்கு மட்டுமா சொந்தம்? 1979-இல் டோக்கியோவில் செல் முறைச் சேவை வணிகமாகவே தொடங்கியது.

நடுவர் அவர்களே! எட்டாத குரல் கார்ட்லெஸ்ஸுக்குக் குறை. அந்தக் குறையையே செல் முறை பலமாக்கியது: குரல் சிறுத்ததால்தான் கோடிப்பேர் பேச இடம் கிடைத்தது. புரட்சி கம்பியை அறுத்ததில் இல்லை. அலையைப் பங்கிட்டதில் இருக்கிறது என்று சொல்லி அமர்கிறேன்.