பெயர்ப்பலகையும் பதின்மூன்று எழுத்துகளும்

ஈப்போவுக்கு வடகிழக்கே, கிந்தா ஆற்றை ஒட்டி அமைந்த சிற்றூர் தஞ்சோங் ரம்புத்தான். 1911-இல் அங்கே மனநல மருத்துவமனை நிறுவப்பட்டது. அதனால் இவ்வூரின் பெயரைச் சொன்னாலே நாட்டின் எம்மூலையிலும் ஒரு புன்னகை எழும். அவ்வூரில் பிறந்து வளர்ந்த எனக்கு அந்தப் புன்னகை பழகிப்போயிற்று. இங்கு நான் பேச வந்தது வேறொரு செய்தி பற்றி.

1972 ஆகஸ்டு 16-ஆம் நாள் மலேசியாவும் இந்தோனேசியாவும் மலாய் மொழிக்குரிய புதிய ரூமி எழுத்துமுறையை அறிவித்தன. எங்கள் ஊர்ப்பெயரின் முதற்சொல்லில் ஓகார ஒலிக்குரிய உரோமன் எழுத்து நின்ற இடத்தில் உகர ஒலிக்குரிய எழுத்து வந்து அமர்ந்தது. பலகைகள் மெல்ல மெல்ல மாறின. ஆயினும் தமிழில் இன்றளவும் நாம் 'தஞ்சோங்' என்றே எழுதுகிறோம். 'தஞ்சுங்' என்று எழுதினால் அது வேறு ஊர்போல் தோன்றுகிறது. மலாய்மொழி களைந்துவிட்ட பழைய எழுத்தின் சாயல் தமிழ் எழுத்தில் தங்கி நிற்கிறது.

பலகை மாறிய ஆறாண்டுகளுக்குள் எங்கள் தமிழ் எழுத்தே தோற்றம் மாறியது. 1978 அக்டோபர் 19-இல் தமிழ்நாட்டு அரசு வெளியிட்ட ஆணை, பதின்மூன்று எழுத்துகளின் வடிவத்தை மாற்றியது. எழுத்துச் சீர்திருத்தத்தை வலியுறுத்தியவர்களின் எழுத்து நிறையக் கிடைக்கிறது. அதைக் கண்ணால் எதிர்கொண்ட தோட்டப்புற வாசகர் என்ன உணர்ந்தார் என்பது அருகியே பதிவாகியுள்ளது. அவர்களைப் பற்றியே இவ்வுரை.

எவை அப்பதின்மூன்று? ணா, றா, னா. ணொ, றொ, னொ. ணோ, றோ, னோ. ணை, லை, ளை, னை. முதல் ஒன்பதிலும் பழைய முறையில் கால் தனித்து நில்லாது. மெய்யெழுத்தின் வலப்புறத்தோடு இணைந்து கீழே சுழியும். கடைசி நான்கிலும் இன்றுள்ள இரட்டைச் சுழிக்கு மாறாக எழுத்தின் தலையிலிருந்து ஒரு வளைவு எழும். அதை யானைத் துதிக்கை என்று சொல்லித்தான் எங்களுக்குக் கற்பித்தார்கள். சிலேட்டில் துதிக்கை போடுவது எங்களுக்கு விளையாட்டு. காலோடு இணைந்த 'ணா'வை எழுதுவதோ சிறு தண்டனை.

இருநூற்று நாற்பத்தேழில் பதின்மூன்று என்பது சிறு பங்கு என்று எண்ணத் தோன்றும். மொழியியல் பயின்றவன் என்ற முறையில் அந்தக் கணக்கை நான் ஏற்பதில்லை. அவை தமிழில் எங்கே வருகின்றன என்று பாருங்கள். 'இல்லை' என்னும் மறுப்பில் லை இருக்கிறது. அவனை, மகனை என இரண்டாம் வேற்றுமை ஏற்கும் ஆண்பாற் பெயர்களில் னை. அவர்களை, பிள்ளைகளை எனப் பன்மையில் ளை. 'ஆனால்' என்பதில் னா. 'என்றால்' என்பதில் றா. மொழியின் மூட்டுகளிலெல்லாம் இவ்வெழுத்துகளே உட்கார்ந்திருக்கின்றன. எனவே இவற்றை மாற்றினால் பக்கம் முழுவதும் வேற்றுமுகம் கொள்ளும். ஒரு பத்தியிலேனும் கண் இடறாமல் போகாது.

எழுத்து மாறுவது தமிழுக்குப் புதிதன்று. எகர ஒகரக் குறில்கள் புள்ளி பெறும் என்று தொல்காப்பியம் விதித்தது. ஓலையில் எழுதியவர்கள் பெரும்பாலும் புள்ளியிடுவதில்லை. காலும் ரகரமும் ஒன்றுபோல் இருந்தன. 1680-இல் பிறந்து 1747-இல் மறைந்த வீரமாமுனிவர் நெடில்களுக்கு வேறு குறி அமைத்தார். அச்சு பரவியபோது அதுவும் பரவி நிலைத்தது. இன்று எவரும் அதைச் சீர்திருத்தம் என நினைப்பதில்லை. துதிக்கையும் இணைந்த காலும்கூட எழுத்தாணியை எடுக்காமல் எழுதிய கைப்பழக்கத்தின் எச்சங்கள்தாம். அச்சுக்கோப்பவருக்கு அவை தனித்தனி ஈய எழுத்துகளாகிக் கூடுதல் சுமையாயின. யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவுக்கு வந்த ஆர். முத்தையா தமிழ்த் தட்டச்சுப்பொறியை வடிவமைத்தபோது எதிர்கொண்ட இடரும் இதே வகையினது: விசைகளோ சில, எழுத்துகளோ பல.

பெரியார் 1935 சனவரியில் தம் குடிஅரசு ஏட்டில் புதிய வடிவங்களைக் கையாளத் தொடங்கினார். கற்போர்க்கும் அச்சிடுவோர்க்கும் எளிமை என்பதே அவர் சொன்ன காரணம். அன்று தொடங்கி 1978 வரை நாற்பத்து மூன்று ஆண்டுகள், அவ்வெழுத்து ஒரு சாராரின் எழுத்தாகவே இருந்தது. இதை மறந்துவிட்டால் எங்கள் ஊரில் பின்னர் நிகழ்ந்தது விளங்காது.

1929 டிசம்பரில் பெரியார் மலாயாவுக்கு வந்தபோது ஈப்போவில் நடந்த தமிழர் மாநாட்டில் பேசினார். அவ்வருகையின் பேச்சு என் சிறுவயது வரை தோட்டங்களில் உலவிக்கொண்டிருந்தது. தன்மதிப்புக் கருத்துடையோர் தமிழகத்திலிருந்து ஏடுகளை வரவழைத்து லயத்து வாசலில் உரக்கப் படிப்பார்கள். துதிக்கை இல்லாத 'லை' உள்ள தாள் ஒருவர் கையில் இருந்தால், அவர் கோயில் திருவிழாவுக்குப் பணம் தருவாரா மாட்டாரா என்று ஊகித்துவிடலாம். ஒரு 'லை' ஒருவரின் கொள்கையைக் காட்டிக்கொடுத்தது.

என் தந்தையார் கோயில் பக்கம் நின்றவர்; என் தாய்மாமன் மற்றப் பக்கம். மாமா கொடுத்த ஏடுகளைப் படித்துப் படித்து, தொடக்கப் பள்ளியின் ஐந்தாம் ஆண்டில் ஒரு கட்டுரையில் நான் இரட்டைச் சுழி 'லை' எழுதினேன். ஆசிரியர் ஒவ்வொன்றையும் சிவப்பு மையால் சுற்றி, ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண் குறைத்தார். மறுப்புச் சொற்கள் மிகுந்த கட்டுரை அது. கிட்டத்தட்ட ஒன்றுமே மிஞ்சவில்லை. இதற்குப் பிறகு பதினைந்து ஆண்டுகள் கழித்து, வேறொரு பள்ளியில், என் அக்காள் மகன் தாத்தாவிடம் கற்ற துதிக்கை 'லை'யை எழுதியதற்காக மதிப்பெண் இழந்தான். இரு ஆசிரியர்மீதும் எனக்கு இன்று வருத்தமில்லை. தத்தம் காலத்துச் சரியை அவர்கள் காத்தார்கள்.

1978-க்குப் பின் இந்நாட்டு ஏடுகள் ஒரே நாளில் மாறிவிடவில்லை. சில முந்தின, சில ஆண்டுக்கணக்கில் பிந்தின. ஒரே வீட்டில் நாளிதழ் ஒரு வடிவிலும் வார இதழ் இன்னொரு வடிவிலும் வந்த காலம் உண்டு. என் தந்தையார் புதிய எழுத்தில் அச்சான தாளை முதன்முதலில் விரித்த மாலை நினைவிருக்கிறது. மூன்று வரி தடையின்றிப் படித்துவிட்டார். நான்காம் வரியில் நிறுத்தி, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மீண்டும் பார்த்தார். "எழுத்துக் கூட்டுற பையன் எவனோ அச்சுக்கோத்திருக்கான்" என்றார். பிறகு மாமாவின் கொள்கை வென்றுவிட்டது என்பது விளங்கியபோது அவர் முகம் சிவந்தது. அடுத்த ஒரு மாதம் அவர் அந்தத் தாளை வாங்கவில்லை. முடிதிருத்தும் கடையில் போய்ப் படித்துவிட்டு வந்தார் என்பது பின்னர் தெரிந்தது.

அந்தக் கடையில் நான் கேட்ட எதிர்ப்புகள் பலவகை. எழுத்து மொட்டையாகிவிட்டது, பார்க்க அழகில்லை என்றார் ஒருவர். எங்களைக் கேட்காமல் சென்னையில் இருப்போர் எப்படி மாற்றலாம் என்றார் இன்னொருவர். அவர் பிறந்ததும் வளர்ந்ததும் பேராவில், தமிழகத்தை ஒருமுறையும் கண்டதில்லை. முதியவர் ஒருவர் சொன்னதே என் மனத்தில் தங்கியது. தோட்டப்பள்ளியில் மூன்றாண்டு மட்டும் பயின்று, அதன்பின் பால்மரத்துக்குப் போனவர் அவர். "பாடுபட்டுக் கத்துக்கிட்டது அந்த ணா ஒண்ணுதான் தம்பி. அதையும் இப்ப வேணாம்னுட்டாங்க" என்றார். அரைகுறைக் கல்வியே கிடைத்த ஒருவர்க்கு, கடினமான எழுத்தைக் கைவரச்செய்ததே தேர்ச்சியின் அடையாளம். அதை எளிமையாக்கினால் அவர் உழைப்பின் மதிப்பும் குறைந்ததாகவே அவர்க்குத் தோன்றும். எளிமை என்னும் வாதத்தை முன்வைத்தோர் இந்த இழப்பைக் கணக்கில் கொள்ளவில்லை என்பது என் கருத்து.

அவ்வாறாயினும் எதிர்ப்பு சில ஆண்டுகளில் தணிந்தது. அரசாணையின் வலிமை அதற்கு ஒரு காரணம் என்றாலும், இந்நாட்டில் அவ்வாணை செல்லாது. முதன்மைக் காரணம் மாற்றத்தின் அமைப்பிலேயே உள்ளது. கை, தை, மை ஆகியவற்றில் ஏற்கெனவே இருந்த சுழியைத்தான் 'லை'க்கும் தந்தார்கள். கா, தா, மா ஆகியவற்றின் காலையே 'னா'வுக்கும் தந்தார்கள். படிப்பவர் கற்கவேண்டிய புதிய குறி ஒன்றுமில்லை. மூன்று வரியை என் தந்தையார் தடையின்றிப் படித்தது அதனாலேயே. இதோடு ஒப்பிட, இகர, ஈகார, உகர, ஊகாரக் குறிகளை மாற்றவேண்டும் என்று முனைவர் வா.செ. குழந்தைசாமி முன்வைத்த திட்டத்தை எண்ணிப் பாருங்கள். அதில் வாசகர் முன்பின் காணாத குறிகளைக் கற்கவேண்டும். 2010 சூனில் கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்த காலத்தில் அது மீண்டும் பேசப்பட்டபோது, மலேசியத் தமிழார்வலர் பலரும் எதிர்த்தனர். திட்டம் நடைமுறைக்கு வரவில்லை. ஜெர்மானியர் 1996-இல் எழுத்துக்கூட்டலை மாற்றியபோதும் அங்கே கடும் எதிர்ப்பு எழுந்தது. பெயர்பெற்ற நாளேடு ஒன்று 2000-இல் சில ஆண்டுக்காலம் பழைய முறைக்கே திரும்பியது. நம் கடைத்தெருவிலும் சான்று உண்டு. மலேசியச் சீனப் பள்ளிகள் எளிய சீன எழுத்துக்கு மாறிப் பல ஆண்டுகள் ஆன பின்னும் சீனக் கடைப்பலகைகள் பலவற்றில் பழைய எழுத்தே நிற்கிறது.

இதுவரை சொன்னது முதியோரின் இடர்ப்பாடு. அது விரைவில் தீர்ந்தது. தீராத இடர்ப்பாடு மறுதிசையில் உள்ளது என்பதை நான் அண்மையில்தான் முழுதாக உணர்ந்தேன்.

என் தந்தையாரின் தங்கை 1964-இல் தமிழகத்திலிருந்து எழுதிய நீல நிற வான்அஞ்சல் தாள் ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது. என் பேர்த்தியிடம் அதைப் படிக்கக் கொடுத்தேன். தமிழ்ப்பள்ளியில் படிப்பவள், நன்றாகப் படிப்பவள். முதல் வரியிலேயே நின்றுவிட்டாள். 'அன்புள்ள அண்ணாவுக்கு' என்று இருந்தது. இணைந்த கால் உள்ள 'ணா' அவளுக்கு எழுத்தாகவே தெரியவில்லை. "தாத்தா, இது கையெழுத்தா, கோலமா?" என்றாள். நான் சொல்லிக்கொடுத்ததும் மேலே சென்றாள். 'மழை இல்லை' என்பதை 'மழை இல்ல' என்று படித்தாள்; துதிக்கையைக் கையெழுத்தின் அலங்காரம் என நினைத்தாள். அவள் படித்ததில் பொருள் கெடவில்லை. அதனால் பிழை நடந்ததை அவளும் அறியவில்லை. பெரிய பாட்டி பேச்சுத்தமிழில் எழுதுவார் போலும் என்று எண்ணிக்கொண்டாள். 'நெல் விலை' என்ற இடத்தில் 'நெல் வில' என்று படித்தபோதுதான் இருவரும் சிரித்தோம்.

பழையதை அறிந்தவர் புதியதைப் படித்துவிடுவார். புதியதை மட்டும் அறிந்தவர்க்குப் பழையது திறப்பதில்லை. இந்நாட்டுத் தோட்டத் தமிழரின் வரலாற்றுக்குரிய மூலங்கள் எவை? ஊருக்குப் போட்ட கடிதங்கள், சங்கக் குறிப்பேடுகள், கல்லறைக் கற்கள், கோயில் நன்கொடைப் பட்டியல்கள். அவற்றில் பெரும்பகுதி 1978-க்கு முற்பட்டவை. தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் எண்ணெய்ப்பனைக் காடுகளாகவும் மாறியபோது தாள்களில் பல அழிந்தன. எஞ்சியவை துதிக்கை எழுத்தில் இருக்கின்றன.

கணினி இதில் ஒரு வசதி தருகிறது. ஒருங்குறியில் எழுத்துக்குத்தான் எண், வடிவத்துக்கு இல்லை. 'லை' என்று உள்ளிட்டால், துதிக்கையாகக் காட்டுவதும் சுழியாகக் காட்டுவதும் எழுத்துருவின் விருப்பம். முரசு அஞ்சலை உருவாக்கிய முத்து நெடுமாறன் போன்ற எழுத்துரு வல்லுநர்கள் நம் நாட்டிலேயே உள்ளனர். பழைய நூலைத் தட்டச்சு செய்து பழைய வடிவிலேயே காட்டலாம். அதே கோப்பைப் புதிய வடிவிலும் காட்டலாம். பழைய பதின்மூன்றையும் எழுதவேண்டாம், அடையாளம் காணக் கற்பித்தால் போதும் என்பது என் வேண்டுகோள். ஒரு பாட நேரத்தில் முடியும். என் பேர்த்திக்கு அரைமணி நேரம் ஆயிற்று.

சென்ற ஆண்டு ஊருக்குப் போனபோது, ஒரு பழைய தோட்டக்கோயிலின் நன்கொடைக் கல்லைச் செப்பனிடும் பேச்சு நடந்துகொண்டிருந்தது. எழுத்துகள் தேய்ந்துவிட்டன, புதிய பளிங்கில் புதிய எழுத்தில் பொறித்துவிடலாம் என்றனர் இளைஞர். பட்டியலில் தம் தந்தையின் பெயர் உள்ள அம்மையார் ஒருவர் இசையவில்லை. அவர்க்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் எந்த வரியில், எந்த இடத்தில், எவ்வளவு பெரிய வளைவோடு தந்தையின் பெயர் தொடங்குகிறது என்பது அவர் விரலுக்குத் தெரியும். பேர்த்தியை அழைத்துச் சென்று அந்தக் கல்லைப் படிக்கச் சொன்னேன். பதினேழு பெயர்களைப் படித்தாள். பதினெட்டாவதில் எனக்கும் ஐயம் வந்தது, அம்மையார்தான் சொல்லித்தந்தார்.