காஞ்சிபுரத்தில் காவலும் மக்கள் மதிப்பும்

காஞ்சிபுரம் நகரத்தின் இரண்டு முக்கியக் காவல் நிலையங்களின் பெயர்கள் சிவகாஞ்சி, விஷ்ணுகாஞ்சி. கோயிலை வைத்தே பெரிய காஞ்சிபுரம், சின்ன காஞ்சிபுரம் என்று பிரிந்து கிடக்கும் ஊரில் காவல் எல்லையும் அந்தக் கோட்டிலேயே ஓடுகிறது. காவலர் மீது இவ்வூர் மக்கள் வைத்த மதிப்பு காலத்துக்குக் காலம் மாறிவந்திருக்கிறது. 'அந்தக் காலத்தில் போலீஸ் என்றால் ஒரு மரியாதை இருந்தது' என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. ஆவணங்கள் அப்படிச் சொல்லவில்லை. காவல்காரன் யாருக்குக் கணக்குக் கொடுத்தான் என்பதைப் பொறுத்தே மதிப்பு ஏறியும் இறங்கியும் வந்திருக்கிறது.

பழைய ஏற்பாட்டில் காவல் ஊரின் பொறுப்பு. சோழர் கல்வெட்டுகளில் பாடிகாவல் என்ற வரி அடிக்கடி வருகிறது. ஊரைக் காப்பதற்கென்று ஊரார் கொடுத்தது அது. காஞ்சிபுரத்துக்கு அருகிலுள்ள உத்திரமேரூரில், முதலாம் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் குடவோலைத் தேர்தலின் விதிகளைச் சொல்கின்றன. பிறர் பொருளைக் கவர்ந்தவனும், பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவனும் ஊர்ச்சபையின் வாரியத்துக்கு வரமுடியாது. கணக்குக் காட்டாதவனின் உறவினர்களுக்கும் அதே தடை. பிற்காலத்தில் காவல்காரருக்கு இன்னும் கடுமையான நிபந்தனை வந்தது. களவு போன மாட்டையோ பொருளையோ கண்டுபிடித்துத் தரவேண்டும், இல்லையென்றால் தன் கையிலிருந்து ஈடுகட்ட வேண்டும். இதைப் பொற்காலமாக எண்ணிவிடக் கூடாது. காவல் உரிமை பாளையக்காரர் கைக்குப் போனபின், காவல் கூலி தராத ஊரில் களவு நடப்பது அதிசயமாக இல்லை. அதைச் செய்தவர் யார் என்பதும் ஊருக்குத் தெரிந்தே இருந்தது.

ஆற்காடு நவாபிடமிருந்து 1763இல் செங்கல்பட்டு ஜாகீர் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கிடைத்தது. காஞ்சிபுரம் அதில் அடங்கியது. கம்பெனிக்குத் துணி வாங்கும் குமாஸ்தாக்களும், முன்பணம் வாங்கிய நெசவாளர் வீட்டு வாசலில் நிறுத்தப்பட்ட சேவகர்களும் சோழமண்டலக் கரை நெடுகிலும் இருந்தார்கள். வாசலில் நிற்கும் சேவகனுக்குப் படியும் நெசவாளனே கொடுக்கவேண்டும். அரசாங்கச் சேவகன் என்றால் வாங்கித் தின்னவருபவன் என்ற எண்ணம் தறிக்காரர் தெருக்களில் வேரோடியதற்கு இதைவிடக் காரணம் தேவையில்லை.

1816ஆம் ஆண்டின் 11ஆம் ரெகுலேஷன் போலீஸ் அதிகாரத்தைக் கலெக்டரிடமும், அவருக்குக் கீழே தாசில்தாரிடமும், கிராம முன்சீப், தலையாரியிடமும் ஒப்படைத்தது. வரி வசூலிப்பவரே போலீஸ், போலீஸே வரி வசூலிப்பவர். இதன் விளைவு 1855இல் அச்சாகி வந்தது. சென்னை மாகாணத்தில் வரிக்காக மக்கள் வதைக்கப்படுவது பற்றி 1854இல் லண்டன் நாடாளுமன்றத்தில் பேச்செழுந்தபின், எலியட், ஸ்டோக்ஸ், ஜான் புரூஸ் நார்ட்டன் மூவரையும் கொண்ட சித்திரவதை விசாரணைக் கமிஷன் அமைக்கப்பட்டது. வெகுதொலைவிலிருந்து நடந்தே வந்து முறையிட்டவர்களும் உண்டு. அறிக்கையில் இரண்டு வதைகள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒன்று கிட்டி: விரல்களை இரண்டு கட்டைகளுக்கு நடுவே வைத்து நெரிப்பது. மற்றது அண்ணாந்தாள்: உடலை வளைத்துக் கயிற்றால் கட்டி, வெயிலில் அப்படியே விடுவது. நிலவரி பாக்கிக்கும் இதே வைத்தியம், களவை ஒப்புக்கொள்ள வைப்பதற்கும் இதே வைத்தியம். சாதுவான குடிகளைத்தான் போலீஸ் நடுங்கவைக்கிறது, திருடர்களை அல்ல என்பதே அறிக்கை வரைந்த படம். காலனியாட்சி தன்னைப் பற்றித் தானே எழுதிக்கொண்ட ஆவணங்களில் இதற்கு ஈடான நேர்மை அபூர்வம்.

அதன்பின் வந்ததுதான் 1859ஆம் ஆண்டின் 24ஆம் சட்டம். வருவாய்த் துறையிலிருந்து போலீஸ் பிரிந்தது. சீருடை, சம்பளம், மாகாணத்துக்கு ஒரு தலைமை எல்லாம் வந்தன. இச்சட்டம் தமிழ்நாடு மாவட்டக் காவல் சட்டம் என்ற பெயரில் தொடர்கிறது. அதே 1859இல் இன்னொரு சட்டமும் பிறந்தது. முன்பணம் வாங்கிய கைவினைஞர் வேலையை முடித்துத் தராவிட்டால் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தி, கடைசியில் சிறைக்கும் அனுப்ப வழிசெய்த 13ஆம் சட்டம். முதலில் மாகாணத் தலைநகரங்களுக்கு. அரசு விரும்பினால் பிற இடங்களுக்கும். 1925இல் நீக்கப்படும்வரை, கடன் தகராறு ஒன்று குற்றமாகிவிடும் வாய்ப்பு இருந்தது. பட்டு நூலும் ஜரிகையும் முதலாளி கொடுத்து, கூலிக்கு நெய்து வாங்கும் தொழிலில் இதன் பொருள் என்ன என்று விளக்கவேண்டியதில்லை. புதிய சீருடையும் பெரிதாக எதையும் மாற்றவில்லை. 1902–03இல் ஃப்ரேசர் தலைமையிலான போலீஸ் கமிஷன், இந்தியா முழுவதிலும் போலீஸ் ஊழல் மலிந்தது, மக்களை ஒடுக்குவது என்றே எழுதியது.

மக்களே போலீஸைத் தேடிப்போய் அழைத்த இடமும் காஞ்சிபுரத்தில் உண்டு. வரதராஜப் பெருமாள் கோயிலில் வடகலையாருக்கும் தென்கலையாருக்கும் இடையே, யார் முன்னால் நின்று பிரபந்தம் சேவிப்பது, யாருடைய வாழ்த்து முதலில் என்ற வழக்கு தலைமுறைகளாக நடக்கிறது. உற்சவ நாளில் இரண்டு கோஷ்டிக்கும் நடுவே இன்ஸ்பெக்டர் நீதிமன்ற உத்தரவோடு நிற்பார். எதிர்த்தரப்புக்குப் போலீஸ் சாதகமாக நடக்கிறது என்று இரு தரப்பும் புகார் சொல்லும், அடுத்த உற்சவத்துக்குப் பந்தோபஸ்து வேண்டுமென்று இரு தரப்பும் மனுவும் கொடுக்கும். ஒருவகையில் போலீஸுக்கு இதைவிட நல்ல நற்சான்று கிடைப்பது அரிது.

சுதந்திரத்துக்குப் பின், 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின் துப்பாக்கிச் சூடுகள் தமிழ்நாடெங்கும் போலீஸ் மீது ஆறாத கசப்பை விட்டுச்சென்றன. இரண்டே ஆண்டில் காஞ்சிபுரத்துக்காரரான அண்ணா முதலமைச்சரானார். அவர் மறைந்த 1969இல் ஆர்.ஏ. கோபால்சாமி தலைமையில் மாநிலத்தின் முதல் காவல் ஆணையம் அமைந்தது. 1980இல் பரம்பரைக் கிராம அதிகாரிகள் பதவி ஒழிக்கப்பட்டபோது, கிராம முன்சீப்பின் போலீஸ் அதிகாரத்தின் கதையும் முடிந்தது.

2004 செப்டம்பர் 3 அன்று வரதராஜப் பெருமாள் கோயில் அலுவலகத்தில் நிர்வாகி சங்கரராமன் கொல்லப்பட்டார். நவம்பர் 11ஆம் தேதி இரவில், தீபாவளியை ஒட்டி, அந்தக் கொலை வழக்கில் காஞ்சி மடாதிபதி ஜெயேந்திரர் ஆந்திராவில் கைது செய்யப்பட்டார். எவ்வளவு பெரியவரானாலும் சட்டம் தொடும் என்று போலீஸை மெச்சியவர்களும், மடத்தை அவமதிக்கவே இந்த ஏற்பாடு என்று கொதித்தவர்களும் ஒரே தெருவில் இருந்தார்கள். வழக்கை 2005இல் உச்ச நீதிமன்றம் புதுச்சேரிக்கு மாற்றியது. சாட்சிகளில் 80க்கும் மேற்பட்டோர் பிறழ்ந்தனர். 2013 நவம்பர் 27 அன்று குற்றஞ்சாட்டப்பட்ட 23 பேரும் விடுதலையானார்கள். மெச்சியவர், கொதித்தவர் இரு சாராருக்கும் புலன்விசாரணை மீது நம்பிக்கை மிஞ்சவில்லை. கொலை செய்தது யார் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

2019 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை, 40 ஆண்டுகளுக்குப் பின் அதே கோயிலின் அனந்தசரஸ் குளத்திலிருந்து எழுந்தருளிய அத்திவரதரைக் காணச் சுமார் ஒரு கோடிப் பேர் வந்தார்கள். 48 நாளும் ஆயிரக்கணக்கான காவலர்கள் வெயிலில் நின்றார்கள். ஜூலை 18 நெரிசலில் உயிரிழப்பு ஏற்பட்டபோது ஏச்சும் அவர்களுக்கே. ஆகஸ்டில் ஒரு காணொளி பரவியது. முக்கியப் பிரமுகர் வரிசையில் அனுமதிச் சீட்டு இல்லாதவர்களை விட்டுவிட்டார் என்று, மாவட்ட ஆட்சியர் ஓர் இன்ஸ்பெக்டரைப் பொதுமக்கள் முன் கடுமையாகத் திட்டும் காட்சி. சாதாரணமாகப் போலீஸுக்குப் பரிந்து பேசாத ஜனங்கள் அன்று அந்த இன்ஸ்பெக்டர் பக்கம் நின்றார்கள். ஆட்சியர் வருத்தம் தெரிவிக்க வேண்டியதாயிற்று. தர்ம தரிசன வரிசையில் மணிக்கணக்கில் நின்று, பிரமுகர்கள் சுற்றிவந்து நுழைவதைப் பார்த்திருந்தவர்களுக்கு, திட்டு வாங்கிய காக்கிச் சட்டை தங்கள் ஆளாகத் தெரிந்தது.

அந்தப் பரிவு நீடிக்கவில்லை. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் வதைபட்டு இறந்த செய்தி மாநிலத்தையே உலுக்கியது. பொதுமக்கள் தன்னார்வலர்களாகப் போலீஸுக்கு உதவும், ராமநாதபுரத்தில் 1993இல் தொடங்கிய 'காவல்துறை நண்பர்கள்' திட்டத்தை அரசு அடுத்த மாதமே தடைசெய்தது. அந்த டிசம்பரில், எல்லாக் காவல் நிலையங்களிலும் கண்காணிப்புக் கேமரா பொருத்தவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

மாவட்டத்தில் அண்மைய சோதனை கோயிலில் அல்ல, தொழிற்சாலை வாசலில் நடந்தது. சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் சங்க அங்கீகாரம் கேட்டு 2024 செப்டம்பர் 9 அன்று வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். ஆட்சியர் அலுவலகத்துக்கு ஊர்வலம் செல்ல முயன்றவர்களைப் போலீஸ் கைது செய்தது. அக்டோபரில் போராட்டப் பந்தலையும் அகற்றியது. அக்டோபர் 15 அன்று வேலைநிறுத்தம் முடிந்தது. உயர் நீதிமன்றம் தலையிட்டபின், 2025 ஜனவரியில் சங்கம் பதிவுபெற்றது.