ஜோ அபேவிக்ரம: எங்களைப் போல் முகம் கொண்ட நடிகர்

சென்னையில் ஒரு படம் வந்தால் நடிகருக்கு எத்தனை கோடி சம்பளம், முதல் நாள் வசூல் எவ்வளவு என்பதெல்லாம் எங்கள் பிள்ளைகளுக்கு மனப்பாடம். அதில் எனக்குக் கோபமில்லை. ரஜினியா கமலா என்று வகுப்பறை வாங்கில் ஏறி நின்று சண்டை பிடித்த தலைமுறைதான் நாங்களும். ஆனால் இந்த மண்ணிலேயே பிறந்து, எழுபது வயது கடந்த பிறகு ஆசியாவின் சிறந்த நடிகர் என்று சிங்கப்பூர் மேடையில் விருது பெற்ற ஒருவரைப் பற்றிக் கேட்டால், "அது யார் சேர்?" என்கிறார்கள். பிள்ளைகளை ஏன் குறை சொல்ல வேண்டும்? பெரியவர்களே அவரைப் பற்றிப் பேசுவதில்லை.

பெயர் ஜோ அபேவிக்ரம. பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் ஒரு சின்ன வரலாறு. முதல் சிங்களப் பேசும் படமான 'கடவுனு பொரொந்துவ' 1947இல் வெளியானது. தயாரித்தவர் எஸ்.எம். நாயகம் என்ற தமிழர். படம் பிடிக்கப்பட்டது மதுரையில். அதன் கதாநாயகி ருக்மணி தேவி, கொழும்புச் செட்டி சமூகத்தில் பிறந்தவர். அந்தக் காலத்துச் சிங்களப் படப் பாடல்களில் பெரும் புகழ் பெற்ற குரல்களில் ஒன்று மொஹிதீன் பெய்க்குடையது. சேலத்தில் பிறந்து இங்கே வந்த முஸ்லிம் அவர். ஆகவே, "சிங்கள சினிமாவுக்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம்?" என்று யாரும் கேட்க வேண்டாம். அந்த வீட்டுக்கு அத்திவாரம் போட்ட கைகளில் எங்கள் கைகளும் இருக்கின்றன.

ஆனால் அந்தப் படங்களில் ஒரு குறை இருந்தது. தென்னிந்திய ஸ்டூடியோக்களில், தென்னிந்தியப் படங்களின் அச்சிலேயே அவை வார்க்கப்பட்டன. கதாநாயகன் அழகாக இருக்க வேண்டும், பாட வேண்டும், வில்லனை அடிக்க வேண்டும். கிராமத்து மனிதன் வந்தால் அது சிரிப்புக் காட்டுவதற்குத்தான். வேலைக்காரன், குடிகாரன், ஏமாளி என்று இடையில் வந்து சனங்களைச் சிரிக்கவைத்துவிட்டுப் போய்விடுவான்.

ஜோ அபேவிக்ரம சினிமாவுக்குள் வந்தது அந்த வாசல் வழியாகத்தான். 1927 ஜூன் 22ஆம் திகதி இரத்தினபுரிக்கு அருகில் லெல்லோபிட்டிய என்ற கிராமத்தில் பிறந்தவர். சிறிசேன விமலவீரவின் 'தேவசுந்தரி'யில் முதன்முதலாகத் திரையில் தோன்றினார். கதாநாயகனுக்கு வேண்டிய வெள்ளைத் தோலும் வாட்டசாட்டமும் அவரிடம் இல்லை. சந்தையில் மரக்கறி வாங்கும்போது பக்கத்தில் நிற்கும் மனிதரின் முகம் அவருக்கு. அதனால் வருடக்கணக்காகச் சிரிப்பு வேடங்கள்தான் கிடைத்தன.

பிறகு, 1965இல், திஸ்ஸ லியனசூரியவின் 'சரவிட' வந்தது. சரவிட என்றால் இனிப்பு வெற்றிலைக் கூறு. அதை விற்றுத் திரியும் ஓர் ஏழைதான் படத்தின் நாயகன். அதுவரை ஓரத்தில் நின்ற மனிதன் நடுவுக்கு வந்துவிட்டான். சிரிக்க வந்த சனங்கள் இந்த வெற்றிலை வியாபாரிக்காகக் கவலைப்படவும் செய்தார்கள்.

பிறகு 1971இல் டி.பி. நிஹால்சிங்கவின் 'வெலிகதர'. சிங்களத்தின் முதலாவது சினிமாஸ்கோப் படம். கதை நடப்பது வடக்கு மணல்வெளியில். ஒரு பக்கம் பொலிஸ் அதிகாரியாகக் காமினி பொன்சேகா. அந்தக் காலத்தில் அவர் பெயரைச் சொன்னாலே தியேட்டர் நிறையும். மறுபக்கம் கள்ளக் கடத்தல் செய்யும் கோரிங் முதலாளியாக ஜோ. கடையில் உட்கார்ந்து கணக்குப் பார்க்கும் ஒரு சாதாரண முதலாளி எப்படி இருப்பாரோ அப்படியே இருக்கிறார். அவரைப் பார்க்கும்போது பயம் வருவதே அதனால்தான். காமினியின் ரசிகர்கள்கூட இன்றுவரை அந்தப் படத்தைப் பற்றிப் பேசும்போது கோரிங் முதலாளியை விட்டுவிட்டுப் பேசுவதில்லை.

அடுத்த வருடம் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் 'தெச நிச'. அதில் ஊரே முகம் சுளிக்கும் அவலட்சணமான ஒருவனாக வந்தார். அவனை அன்போடு ஏற்றுக்கொள்பவள் கண்பார்வை இல்லாத ஒரு பெண். 1980களின் தொடக்கத்தில் அதே லெஸ்டரின் 'பெத்தேகம'. அம்பாந்தோட்டையில் 1908 முதல் 1911 வரை உதவி அரசாங்க அதிபராக இருந்த லெனார்ட் வுல்ஃப், 1913இல் வெளியிட்ட நாவல்தான் அதன் மூலம். காட்டோரக் கிராமத்தில் வேட்டையாடியும் சேனை வெட்டியும் வாழும் சிலிந்து என்பவனைக் கடனும் ஊர்த் தலைவனின் அதிகாரமும் சேர்ந்து நெருக்குகின்றன. ஒதுங்கி ஒதுங்கிப் போனவன், ஒதுங்க இடமில்லாத நாளில் துப்பாக்கியைத் தூக்குகிறான். அந்தச் சிலிந்துதான் ஜோ. அவன் செய்தது கொலை, அது சரியென்று படம் சொல்லவில்லை. ஆனால் அந்த நிலைக்கு ஒரு மனிதன் எப்படி வந்து சேர்கிறான் என்பதைக் கண்ணால் காண்கிறோம்.

இப்போது கேள்விக்கு வருகிறேன். இப்படிப்பட்ட நடிகர்களை மக்கள் ஏன் இவ்வளவு நேசிக்கிறார்கள்?

"எளிமையானவர், பந்தா இல்லாதவர்" என்று நாம் சொல்வோம். அது பாதிப் பதில்தான். எளிமையான மனிதர்கள் ஊர் நிறைய இருக்கிறார்கள், எல்லோரையும் நாம் கொண்டாடுவதில்லையே. நட்சத்திர நடிகர் எங்களுக்கு ஒரு கனவைத் தருகிறார். நாங்கள் அடிக்க முடியாதவனை அவர் அடிக்கிறார், பேச முடியாத இடத்தில் பேசுகிறார். அது ஒரு சந்தோஷம், அதில் பிழையில்லை. ஆனால் தியேட்டரை விட்டு வெளியே வந்ததும் நாங்கள் பழைய ஆள்தான். ஜோவைப் போன்றவர்கள் தருவது வேறு. வெற்றிலை விற்பவன், வேட்டைக்காரன், அவலட்சணமானவன் என்று நாங்கள் திரும்பியும் பார்க்காமல் கடந்துபோகும் ஆட்களை இரண்டு மணித்தியாலம் எங்களைப் பார்க்கவைக்கிறார்கள். படம் முடிந்து வெளியே வந்தால் முச்சந்தியில் வெற்றிலை விற்பவரின் முகம் புதிதாகத் தெரிகிறது. அந்த மனிதர்களைக் கவனித்து, மதித்து, அவர்கள் நடக்கும் விதத்தையும் பேசும் விதத்தையும் மனதில் வாங்கிக்கொண்டால்தான் அப்படி நடிக்க முடியும். அந்த மதிப்பைத்தான் ரசிகன் உணர்கிறான். "இந்த ஆள் எங்களைக் கேலி செய்யவில்லை, எங்களை விளங்கிக்கொண்டிருக்கிறார்" என்ற நம்பிக்கை அது.

இந்த நம்பிக்கைக்கு எவ்வளவு பலம் இருக்கிறது என்பதை ஒரு படம் காட்டியது. பிரசன்ன விதானகே 1997இல் எடுத்த 'புரஹந்த களுவர'. பூரண நிலவு நாளின் இருட்டு என்று பொருள்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். வரண்ட வலயத்துக் கிராமம் ஒன்றில் வன்னிஹாமி என்ற கண் தெரியாத முதியவர். இராணுவத்துக்குப் போன மகன் முத்திரையிட்ட பெட்டியாகத் திரும்பி வருகிறான். திறக்கக் கூடாது என்கிறார்கள். ஊர் அழுகிறது, அடக்கமும் நடக்கிறது. வன்னிஹாமி மட்டும் மகன் செத்துவிட்டான் என்பதை ஏற்கவில்லை. இழப்பீட்டுப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டால் காசு கிடைக்கும், பாதியில் நிற்கும் வீட்டைக் கட்டி முடிக்கலாம். எல்லோரும் வற்புறுத்துகிறார்கள். அவர் மறுக்கிறார். கடைசியில் தானே போய்க் குழியைத் தோண்டுகிறார். பெட்டிக்குள் உடல் இல்லை. வாழைக்குற்றிகளும் கற்களும்தான் இருக்கின்றன.

இந்த வேடத்துக்காகத்தான் 1999இல் சிங்கப்பூர் சர்வதேசத் திரைப்பட விழாவில் ஜோவுக்குச் சிறந்த நடிகர் விருது கிடைத்தது. ஆனால் 2000ஆம் ஆண்டில் அரசாங்கம் இந்தப் படத்தை நாட்டில் திரையிட விடவில்லை. இயக்குநர் உயர் நீதிமன்றம் போனார். 2001இல் தீர்ப்பு அவர் பக்கம் வந்தது, படமும் திரைக்கு வந்தது. யோசித்துப் பாருங்கள். அந்தப் படத்தில் கோஷம் இல்லை, மேடைப் பேச்சு இல்லை. ஒரு கிழவர் மெதுவாக நடக்கிறார், மெதுவாகப் பேசுகிறார். அதற்கே ஓர் அரசாங்கம் பயந்தது. கூச்சல் போடுபவனைத் துரோகி என்று சொல்லி ஒதுக்கிவிடலாம். தங்கள் தகப்பனைப் போலவே இருக்கும் ஒரு முதியவரைத் துரோகி என்று சனங்களிடம் எப்படிச் சொல்வது?

வன்னிஹாமி சிங்களவர், மகன் இராணுவ வீரன். ஆனால் கதை அந்தக் கிராமத்தோடு முடிந்துவிட்டதா? கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் 2017 முதல் தெருவோரம் தொடர்ந்து உட்கார்ந்த தாய்மார்களை நினைத்துப் பாருங்கள். மரணச் சான்றிதழும் இழப்பீடும் வேண்டாம், பிள்ளைக்கு என்ன நடந்தது என்று சொல்லுங்கள் என்றுதான் அவர்களும் கேட்டார்கள். 1990 ஜூலையில் குருக்கள்மடத்தில் வழிமறித்துக் கடத்தப்பட்ட எங்கள் சகோதரர்களின் குடும்பங்களும், புதைத்த இடத்தைத் தோண்டுங்கள், எங்கள் முறைப்படி அடக்க வேண்டும் என்றுதான் கேட்டன. மொழி வேறு, மார்க்கம் வேறு, துப்பாக்கி பிடித்த கையும் வேறு. "என் பிள்ளை எங்கே?" என்ற கேள்வி ஒன்றுதான். யுத்த காலத்தில் ஒவ்வொரு சமூகமும் தன் மௌத்துக்களை மட்டுமே எண்ணிக்கொண்டிருந்தபோது, அடுத்த வீட்டு வாப்பாவின் துக்கத்தை எங்களுக்கு விளங்கவைக்க ஒரு நடிகரால் முடிந்திருக்கிறது. வரலாற்றுப் பாடப் புத்தகத்தில் நான் படிப்பிக்கும் எந்த அத்தியாயமும் இதை இவ்வளவு தெளிவாகச் செய்ததில்லை.

ஜோ அபேவிக்ரம 2011 செப்டெம்பர் 21ஆம் திகதி காலமானார். யுத்தம் முடிந்து இரண்டு வருடம் கடந்திருந்தது. வன்னிஹாமி கேட்ட கேள்விக்கு நாட்டில் ஆயிரக்கணக்கான வீடுகளுக்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை.

பிள்ளைகளிடம் ஒன்றைத்தான் சொல்ல விரும்புகிறேன். உங்களுக்குப் பிடித்த நடிகரை விட வேண்டாம். அவருக்காகக் கைதட்டுங்கள், அடுத்தவரின் நடிகரைத் திட்டி நேரத்தை வீணாக்காதீர்கள். இடையில் ஒரு விடுமுறை நாளில் 'புரஹந்த களுவர'வைத் தேடிப் பாருங்கள். வீட்டில் சிங்களம் நன்றாகத் தெரிந்த பெரியவர்கள், பிள்ளைகளுக்குப் பக்கத்தில் இருந்து விளங்கப்படுத்துங்கள். பெட்டி திறக்கும் இடத்தில் மட்டும் ஒன்றும் சொல்லத் தேவையிருக்காது.