செயற்கை எரிபொருளும் சந்தையும்: ஒரு வரலாற்று நோக்கு

கனிய எண்ணெய் நிலத்தினின்று அகழப்படுவது. செயற்கை எரிபொருளோ ஆலையில் ஆக்கப்படுவது. காபனையும் ஐதரசனையும் வெவ்வேறு மூலங்களிலிருந்து பெற்று, அவற்றை இணைத்துப் பெற்றோலும் டீசலும் ஆக்கும் முயற்சி ஏறத்தாழ நூறாண்டு வரலாறு உடையது. காற்றினின்றும் ஞாயிற்றினின்றும் பெறும் மின்னைக் கொண்டு அதனைச் செய்தல் இன்று புதியதொரு துறையாகப் பேசப்படுகின்றது. அதன் சந்தை வாய்ப்பை மதிப்பிட விழைவோர் இவ்வரலாற்றை நோக்குதல் தகும். ஏனெனில், இத்தொழிலைப் பெரும்பாலும் தாங்கி நின்றது அதன் விலையன்று, அரசின் தேவையே.

நிலக்கரி மிகுந்தும் எண்ணெய் அருகியும் இருந்த ஜேர்மனியிலேயே இத்தொழில் பிறந்தது. நிலக்கரியோடு ஐதரசனை உயர் அமுக்கத்திற் சேர்த்துத் திரவ எண்ணெய் பெறும் முறைக்குப் பிரெடெரிக் பேகியஸ் 1913இல் காப்புரிமை பெற்றார். 1920களின் நடுப்பகுதியில், மூல்கைம் நகரிலிருந்த நிலக்கரி ஆய்வு நிறுவனத்தில், பிரான்ஸ் பிஷரும் ஹான்ஸ் துரொப்சும் மற்றொரு முறையைக் கண்டனர். காபனோரொட்சைட்டும் ஐதரசனும் கலந்த வாயுவை ஊக்கியின் மேற் செலுத்தி எண்ணெயாக்குவது அம்முறை. 1927இல் ஐ. ஜி. பாபன் நிறுவனம் லொய்னாவில் பேகியஸ் முறையைத் தழுவிப் பெற்றோல் உற்பத்தியைத் தொடங்கியது. உயர் அமுக்க இரசாயன முறைகளை வளர்த்தமைக்காகப் பேகியசும் அந்நிறுவனத்தின் தலைவர் கால் பொஷ்சும் 1931இல் நோபல் பரிசு பெற்றனர்.

அறிவியல் வென்ற அவ்வேளையிலேயே வணிகம் தளர்ந்தது. 1930இல் கிழக்கு டெக்சசிற் பேரெண்ணெய் வயலொன்று கண்டறியப்பட்டமையும் உலகப் பொருளாதார மந்தமும் எண்ணெய் விலையை வீழ்த்தின. லொய்னாப் பெற்றோலின் உற்பத்திச் செலவு இறக்குமதிப் பெற்றோலின் விலையைப் பன்மடங்கு விஞ்சியது. தொழிலைக் காத்தது 1933 டிசம்பரில் நாஜி அரசு செய்த ஒப்பந்தமே. உற்பத்திச் செலவையும் முதலீட்டுக்கு 5 சதவீத வட்டியையும் அரசு உறுதி செய்தது. அதற்கு மேற்பட்ட இலாபம் அரசைச் சேர்வதாயிற்று. 1944இன் தொடக்கத்தில் 25 ஆலைகள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 124,000 பீப்பாய் ஆக்கின. அவ்வாண்டு மே 12இல் தொடங்கிய நேசநாட்டு விமானத் தாக்குதல்கள் அவற்றை முடக்கின. அவுஷ்விற்சை அடுத்த மொனோவிற்சில், செயற்கை இறப்பரும் எரிபொருளும் ஆக்கவென எழுப்பப்பட்ட ஆலையிற் கைதிகள் ஆயிரக்கணக்கில் மடிந்தனர். எந்த விலைக் கணக்கிலும் ஏறாத செலவு அது.

போருக்குப் பின்னரும் இதே போக்கைக் காணலாம். ஐக்கிய அமெரிக்கா 1944இற் சட்டமியற்றி, மிசூரி மாநிலத்தில் செய்துகாட்டு ஆலைகளை நிறுவியது. எண்ணெய் மலிவாகக் கிடைத்தமையால் 1953இல் அவற்றை மூடியது. எண்ணெய் நெருக்கடியை அடுத்து 1980இல் அந்நாடு அமைத்த செயற்கை எரிபொருட் கூட்டுத்தாபனம், விலை சரிந்த 1986இல் மறைந்தது. தென்னாபிரிக்காவின் சசோல் நிறுவனமோ நிலைத்தது. 1950இல் நிறுவப்பட்டு 1955இல் உற்பத்தி தொடங்கிய அது, 1980களின் தொடக்கத்தில் செகுண்டாவில் இரு பேராலைகளை இயக்கியது. நிறவெறி ஆட்சிக்கு எதிரான எண்ணெய்த் தடைக்கு அஞ்சிய அரசு அதனைத் தாங்கியது.

புதிய முறையில் நிலக்கரிக்கு இடமில்லை. நீரை மின்பகுத்து ஐதரசனும், புகைபோக்கியினின்றோ வளியினின்றோ காபனீரொட்சைட்டும் பெறப்படுகின்றன. ஐஸ்லாந்தில் 2012ஆம் ஆண்டளவில் இவ்வகையில் மெதனோல் ஆக்கப்பட்டது. சிலியின் தென்கோடியில், புந்தா அரேனாசுக்கு அருகே, காற்று மின்னால் இயங்கும் முன்னோடி ஆலை 2022 டிசம்பரிற் பெற்றோல் தந்தது. அதன் ஆண்டுக் கொள்ளளவு 130,000 லீற்றர் மட்டுமே. நிலக்கரி தன்னுள்ளே சத்தியைக் கொண்டது. காபனீரொட்சைட்டோ எரிந்து முடிந்த பொருள். ஆதலின் எரிபொருளிற் சேரும் சத்தி முழுவதையும் மின்னே தரவேண்டும். அதிலும் ஏறத்தாழப் பாதி மாற்றத்தின்போதே வீணாகின்றது. எனவே மின்கலத்தால் ஓடக்கூடிய மோட்டார் வண்டிக்கு இது ஏற்றதன்று. நெடுந்தூர விமானமும் கப்பலுமே இதன் இயல்பான சந்தை.

அச்சந்தையையும் சட்டமே உருவாக்குகின்றது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023ஆம் ஆண்டு விதிகளின்படி, விமான எரிபொருளிற் செயற்கைப் பங்கு 2030, 2031ஆம் ஆண்டுகளிற் சராசரி 1.2 சதவீதமாகவும், 2050இல் 35 சதவீதமாகவும் இருத்தல் வேண்டும். எனினும் 2024இல், கொள்வோர் நீண்டகால ஒப்பந்தங்களுக்கு முன்வராமையாலும் செலவு உயர்ந்தமையாலும், சுவீடனில் எழுந்துகொண்டிருந்த மெதனோல் ஆலையை எர்ஸ்டெட் நிறுவனம் கைவிட்டது. மறுபுறம், 2025இல் டென்மார்க்கின் கசோவில் ஆண்டுக்கு 42,000 தொன் மெதனோல் ஆக்கவல்ல ஆலை திறக்கப்பட்டது.

1933இன் ஒப்பந்தமும் 2023இன் விதியும் நோக்கத்தில் முற்றிலும் வேறானவை: முன்னது போரை நாடியது, பின்னது புவியின் வெப்பத்தைத் தணிக்க விழைவது. ஆயினும் மலிவான எண்ணெயோடு போட்டியிட இயலாத பொருளுக்கு அரசு இடம் வகுத்தல் இரண்டிற்கும் பொது. 1953உம் 1986உம் உணர்த்துவது யாதெனில், அரசின் உறுதி தளருமிடத்து ஆலையும் மூடப்படும் என்பதே. இத்துறையின் எதிர்காலம் ஊக்கிகளின் திறனையும் மின்னின் விலையையும் மட்டும் பொறுத்ததன்று. எண்ணெய் மலிந்த காலத்திலும் அவ்விதிகள் தளராது நிற்குமா, கூடிய விலையை எவர் சுமப்பர் என்னும் வினாக்களுக்குச் சமூகம் அளிக்கும் விடையையும் பொறுத்தது.